முன்னால் நிற்க ஒரு நோய்

பாப்பாத்தியின் காலில் சூரை முள் குத்தியது. நமக்கு இதைச் சொல்ல ஒரு வரி போதுமாயிருந்தது. சுகாதாரத் துறைக்கு இதையே சொல்லி முடிக்க ஒரு கம்ப்யூட்டரும், ஒரு ஜீப்பும், ஒரு ஆம்புலன்சும், பந்தல் போட்டு ஒரு விழாவும் தேவைப்பட்டன. அப்படியும் சரியாகச் சொன்னார்களா என்பதைக் கதை முடிந்ததும் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முள் குத்தியதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கொல்லிமலையில் குண்டனி நாடு என்கிற ஊர்த்தொகுதியைச் சேர்ந்த நெல்லிக்குழிப்பட்டியில் விளைகிற காட்டுக்குள் யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு போவதில்லை. சோறு போடுகிற மண்ணைச் செருப்பால் மிதிக்கக் கூடாது என்பது அங்கே பிறந்தவர்களுக்குப் பழக்கம். மிளகுக் கொடிக்கு அணைப்புக் கட்டப் போன பாப்பாத்தி முள்ளை மிதித்தாள். புருசன் கருப்பண்ணன் அதைப் பிடுங்கி எறிந்து சுண்ணாம்பு தடவிவிட்டான். மறுநாள் அவள் வழக்கம்போல மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போனாள். அதற்கடுத்து அவளால் போக முடியவில்லை. பாதம் வீங்கிச் சிவந்து, உள்ளே சீழ் கோத்து, உடம்பு அனலாகக் கொதித்தது. கருப்பண்ணன் அவளைப் பால் வண்டியில் ஏற்றிச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனான்.

அங்கே நர்ஸ் ஆரோக்கியமேரி பாதத்தை ஒரு பார்வை பார்த்தாள். லால்குடிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவள்; மலைக்கு வந்த நாளிலிருந்து இந்த மாதிரிக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"சீழ் வச்சிருச்சும்மா. பயப்படாதீங்க. ஊசி போட்டா நாலஞ்சு நாள்ல வத்திரும்," என்றாள்.

பாப்பாத்திக்கு அந்தப் பேச்சிலேயே பாதி வலி போனது. மீதிப் பாதிக்கு ஊசி வேண்டுமே. ஊசி மருந்து பீரோவில் இருந்தது. அந்தப் பீரோவுக்கு இப்போது சாவி கிடையாது. நோய்க் குறியீட்டுச் செம்மைத் திட்டம் என்று ஒன்று வந்திருந்தது. அதன்படி ஒவ்வொரு நோய்க்கும் உலகம் முழுவதும் ஒரே எண். கம்ப்யூட்டரில் நோயாளியின் பெயருக்கு எதிரே அந்த எண் ஏறினால் திரை பச்சையாகும். பீரோ தானே திறந்துகொள்ளும். எண் ஏறாவிட்டால் திரை சிவப்பு. பீரோ அசையாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள்; இங்கே பூசாரியே வரம் கொடுத்தும் உண்டியல் கொடுக்கமாட்டேன் என்றது.

எண்ணை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். அவர் மலைக்குக் கீழே குறியீட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தார். அவருக்கு முன்பிருந்த டாக்டரும் அதே பயிற்சிக்குப் போய், அதில் நன்றாகத் தேறி, அதையே கற்றுக்கொடுக்கிற வேலைக்குப் போய்விட்டார். ஆகவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த மோகன்ராஜ்தான் எல்லாம். நாமக்கல்காரர், சாது. அவருக்கும் அந்தக் கம்ப்யூட்டரைப் பிடிக்காது. ஆனால் பயம் இருந்தது.

"என்ன நோயிங்க?" என்று கேட்டார்.

"கால்ல சீழுங்க," என்றான் கருப்பண்ணன்.

"சீழ் நோய் இல்லீங்க. அறிகுறி."

"வீக்கமுங்க."

"அதும் அறிகுறிதான்."

"காச்சலு கையி வெக்க முடியாம கொதிக்குதுங்களே!"

"காச்சல் ரொம்பப் பெரிய அறிகுறிங்க."

கருப்பண்ணன் குழம்பிப்போனான். ஒரே காலில் இத்தனை அறிகுறி இருந்தும் நோய் என்று ஒன்று இல்லையாம். ஒரு கணம் அவனுக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

"அப்போ நோவு ஒண்ணுமில்லீங்களா?"

"இருக்குதுங்க. கம்ப்யூட்டருக்குள்ள இன்னும் வரல."

"முள்ளு குத்துச்சுங்க," என்று பெஞ்சிலிருந்து பாப்பாத்தி சொன்னாள்.

மோகன்ராஜின் முகம் மலர்ந்தது. "அதுக்கு எண்ணு இருக்குது! டபிள்யூ அறுபது. செடி, கொடி, முள் இதுகளால வர்ற காயம்." தட்டினார். கம்ப்யூட்டர் அடுத்தடுத்துக் கேள்வி கேட்டது. எந்த இடத்தில் குத்தியது? காட்டில். என்ன செய்துகொண்டிருந்தபோது? மிளகுக்கு மண் அணைத்தபோது. அப்படியென்றால் வேலை நேரம். முதலாளி யார்?

"முதலாளியா?" கருப்பண்ணன் யோசித்துவிட்டுப் பெஞ்சைக் காட்டினான். "எங்க ஊட்டுல அவதானுங்க."

பாப்பாத்தி அந்த வலியிலும் சிரித்தாள். கம்ப்யூட்டர் சிரிக்கவில்லை. நோயாளியும் முதலாளியும் ஒருவரே ஆக முடியாது என்று சொல்லித் திரை சிவந்தது. முள் குத்தியது விபத்து என்றும், விபத்து நோய் ஆகாது என்றும், விபத்துப் பகுதிக்குப் பாஸ்வேர்டு கீழே இருக்கிறது என்றும் மோகன்ராஜ் விளக்கினார்.

ஆரோக்கியமேரிக்குப் பொறுக்கவில்லை. "மோகன், கால் இங்க இருக்கு, சீழ் இங்க இருக்கு, மருந்து அந்த பீரோல இருக்கு. நடுவுல இன்னும் என்னய்யா எண்ணு?"

"எனக்கு மட்டும் தெரியாதுங்களா சிஸ்டர்? போன தடவ கம்பி விட்டு நெம்பி பீரோவத் தொறந்தோம். மெமோ வந்துச்சா இல்லையா?"

வந்தது உண்மைதான். வலிப்பு வந்து நீலம் பாய்ந்த ஒரு குழந்தைக்கு அவசரத்தில் மருந்து எடுத்துப் போட்டிருந்தாள். குழந்தை பிழைத்துவிட்டது. துறையிலிருந்து வந்த மெமோவில், குழந்தை பிழைத்தது குறித்து மகிழ்ச்சி என்றும், ஆனால் அது எதிலிருந்து பிழைத்தது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். இனி ஒருமுறை நடந்தால் வேலை போய்விடும் என்பதும் அதில் இருந்தது. பீரோவின் கதவுக்கு இரும்புப் பட்டை அடித்ததும் அதற்குப் பிறகுதான்.

ஆரோக்கியமேரி தன்னால் முடிந்ததைச் செய்தாள். காலைக் கழுவிக் கட்டினாள். எண் கேட்காமல் கொடுக்கக்கூடிய காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்தாள். பிறகு சீழைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுக் குப்பியில் அடைத்தாள். "என்ன கிருமின்னு கண்டுபிடிச்சுட்டா அதுக்குன்னு தனி எண்ணு இருக்கு. பஸ்ல கீழ அனுப்புறேன். அது வந்துட்டா யாரும் மறுக்க முடியாது," என்றாள்.

கீழே தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று கருப்பண்ணன் சொல்லிப் பார்த்தான். பாப்பாத்தி கேட்கவில்லை. "காலுக்காகக் காட்ட விப்பாங்களா? ஊசி இங்கயே பீரோவுக்குள்ள கெடக்குது. நாளைக்கித் தெறந்துரும், இருங்க," என்றாள்.

குப்பி பலாப்பழங்களுக்கு நடுவே டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லா வளைவுகளையும் சுற்றி இறங்கிப் போனது. அந்தக் கிருமிக்குக் கிடைத்த மரியாதை கிருமிக்குச் சொந்தக்காரிக்குக் கிடைக்கவில்லை. அவள் பஸ்ஸில் போக முடியாது. காலைத் தொங்கப்போட்டாலே உயிர் போனது. ஆம்புலன்ஸ் கூப்பிடவும் எண் வேண்டும்.

சில நாள் கழித்து மோகன்ராஜ் வெளியே ஓடி வந்து கத்தினார்.

"சிஸ்டர்! கிருமி கெடைச்சிருச்சு!"

ஆரோக்கியமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து பெஞ்சிலேயே படுத்திருந்த பாப்பாத்திக்கு ஏதோ உறவுக்காரர் வந்த மாதிரி இருந்தது. அந்தக் கிருமியின் பெயரை மோகன்ராஜ் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். எண் மட்டும் சுத்தமாக வந்தது: பி தொண்ணூற்றைந்து புள்ளி ஆறு. எல்லோரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். மோகன்ராஜ் சாமி கும்பிட்டுவிட்டுத் தட்டினார். திரை யோசித்தது. பிறகு சிவந்தது.

"இந்தக் கிருமி முதலிடத்தில் நிற்க இயலாது. இதற்கு முன்னால் ஒரு நோய் தேவை."

கிருமி எண்களில் இந்த ரகம் துணைக்குப் போடுகிற எண். முதலில் ஒரு நோயின் எண் வரவேண்டும்; அந்த நோய்க்குக் காரணம் இது என்று கிருமி பின்னால் வரவேண்டும். முன்னால் போட நோய் எது? சீழ் அறிகுறி. வீக்கம் அறிகுறி. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று சொல்லிவைத்தவன் இந்தத் துறையில்தான் வேலை பார்த்திருக்க வேண்டும்.

"உங்களுக்குச் சக்கரையாவது இருக்குதுங்களாம்மா?" என்று மோகன்ராஜ் ஆசையோடு கேட்டார்.

"இல்லீங்க சாமி. சாமைச் சோறு தின்னு வளந்த ஒடம்பு."

"இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! சக்கரைக் கால்னு ஒரு எண்ணு இருக்குதுங்க. அத முன்னால போட்டு, கிருமியப் பின்னால போட்டம்னா, பச்சை வாங்கிக்கிட்டுப் போயிட்டே இருக்கலாம்."

தன் உடம்பில் சர்க்கரை இல்லாததற்காகப் பாப்பாத்தி வெட்கப்பட்டாள். அவள் கால்விரல்களின் நிறம் மாறத் தொடங்கியிருந்ததைக் கருப்பண்ணன் பார்த்தான். அவனுக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயம் வந்தது.

மறுநாள் ஜீப் வந்தது. அதிலிருந்து குறியீட்டு மேற்பார்வை அலுவலர் நவநீதகிருஷ்ணன் இறங்கினார். மலைச் சுகாதார நிலையங்கள் எந்த அளவுக்குச் செம்மையடைந்திருக்கின்றன என்று பார்க்க வந்திருந்தார். நோயாளிகளை வரிசையாக உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினார். தொண்டை நன்றாக இருந்தது.

"மருந்து கொடுத்துக் குணமாக்குவது பெரிய காரியமில்லை. காட்டில் ஆடு மேய்ப்பவருக்குக்கூடப் பச்சிலை தெரியும். நோயாளி குணமானாரா என்பது இரண்டாம் பட்சம். எதிலிருந்து குணமானார் என்பதே முதல் பட்சம். பெருமையோடு சொல்கிறேன்: சென்ற காலாண்டில் என் எல்லைக்குள் பெயர் தெரியாத நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை. இறந்தவர்கள் அத்தனை பேரும் சரியான எண்ணோடுதான் இறந்திருக்கிறார்கள்!"

அவரோடு வந்தவர்கள் கை தட்டினார்கள். உட்கார்ந்திருந்த நோயாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆரோக்கியமேரி அவரைக் கையோடு பாப்பாத்தியிடம் கூட்டிப் போனாள். "சார், இந்தக் காலப் பாருங்க. பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லுங்க, பீரோவத் தொறக்கிறேன்."

நவநீதகிருஷ்ணன் காலைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். "கிருமியின் எண் பிரமாதமாக இருக்கிறதே! புள்ளிக்குப் பிறகும் சரியாக இருக்கிறது. மலையில் இப்படி ஒரு துல்லியத்தை நான் எதிர்பார்க்கவில்லை," என்று மோகன்ராஜின் தோளைத் தட்டினார்.

கருப்பண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "ஏனுங்க சாமி, என்ற ஊட்டுக்காரிக்கு ஊசி போட்டா ஆவாதுங்களா? தடுக்கறது என்னன்னு சொல்லுங்க, செய்யறேன்."

அதிகாரி எளியவர்களுக்கும் புரிகிற மாதிரி பேசுவதில் நம்பிக்கை உள்ளவர். "இங்கே பாருங்க பெரியவரே. கிருமி தனியாக வந்து முன்னால் நிற்கக் கூடாது. அதற்கு முன்னால் முறையான ஒரு நோய் வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். நோய் முன்னால், கிருமி பின்னால். உதாரணத்துக்குச் சர்க்கரை. அது வந்து நின்றால் உடனே ஊசி, உடனே ஆம்புலன்ஸ். நாங்கள் என்ன மாட்டேன் என்றா சொல்கிறோம்?"

இத்தனை நாளில் அந்தக் கட்டடத்துக்குள் கருப்பண்ணனுக்கு விளங்கிய முதல் பேச்சு அது. காரணம் இருக்கிறது. அவர்கள் நாட்டில் கூட்டம் கூடும்போது, தப்புச் செய்தவன் யாராக இருந்தாலும் தனியாக வந்து நிற்க முடியாது. ஊர்க்கவுண்டர், "யாரு முன்னால நிக்கறது?" என்று கேட்பார். நாட்டைச் சேர்ந்த ஒருவன் எழுந்து, "நான் நிக்கறேன்," என்று சொல்லி அவனுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். நின்றதும் கூட்டம் தரையில் உட்காரும். அதன்பிறகு கேள்வி எல்லாம் முன்னால் நிற்பவனுக்குத்தான். அவன்தான் பதில் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் எதிரில் நிக்கறேன் என்று சொன்னவன், பதில் சொல்லி முடிக்காமல் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

கிருமி தப்புச் செய்திருக்கிறது. அதற்கு முன்னால் நிற்க ஆள் வேண்டும். இது ஒரு விசயமா? இவ்வளவு நாள் இதைச் சொல்லாமல் எண்ணு எண்ணு என்று பேசிக்கொண்டிருந்தார்களே என்று அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. நேராக ஊருக்கு நடந்து செல்லமுத்துவைக் கூப்பிட்டான்.

செல்லமுத்து யார் வழக்காக இருந்தாலும் முன்னால் நிற்கிறவன். அதில் அவனுக்கு ஒரு ருசி. தவிர, முகாமில் ரத்தம் பார்த்ததில் ஊரிலேயே அவனுக்கு மட்டும் சர்க்கரை இருந்தது தெரிந்திருந்தது. அதிலும் அவனுக்குக் கொஞ்சம் பெருமை.

"உன்ற சக்கரை வந்து நின்னாப் போதுமாம் செல்லமுத்து. ஊசி போட்டுருவாங்களாம்."

"நின்னாப் போச்சு! பாப்பாத்திக்கு நிக்காம வேற யாருக்கு நிக்கறது?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அதற்குள் ஜீப் போய்விட்டிருந்தது. செல்லமுத்து கம்ப்யூட்டர் முன்னால் வந்து, "நான் நிக்கறேனுங்க," என்றதும் மோகன்ராஜுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யய்யோ, நோயும் கிருமியும் ஒரே ஆளுக்குள்ள இருக்கோணுமுங்க! உங்க சக்கரைக்குப் பின்னால அவங்க கிருமி எப்படீங்க நிக்கும்?"

ஆரோக்கியமேரி குறுக்கே வந்தாள். அவள் முகத்தில் ஒரு முடிவு தெரிந்தது. "கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா மோகன்?"

மோகன்ராஜ் அவளைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் கண் செருகிக் கிடந்த பாப்பாத்தியைப் பார்த்தார். செல்லமுத்துவின் பெயரைத் தட்டினார். சர்க்கரைக் கால், முன்னால். பி தொண்ணூற்றைந்து புள்ளி ஆறு, பின்னால். திரை வயல் மாதிரிப் பச்சையாயிற்று. பீரோ கிளிக் என்று திறந்தது.

ஆரோக்கியமேரி மருந்தை எடுத்துப் பாப்பாத்தியின் கையில் ஏற்றினாள். "பாவம் எனக்கு வரட்டும்," என்றாள். ஆனால் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது விரல்கள் கறுத்திருந்தன. ஊசி போடவேண்டிய நாள் தாண்டிப் போயிருந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. "இனி இங்க ஆகாது. உடனே கீழ போகணும்."

அதற்குள் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. பச்சை விழுந்ததும் கம்ப்யூட்டரே அதைக் கூப்பிட்டிருந்தது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு இறங்கி, "செல்லமுத்து யாரு?" என்றார்கள்.

"நாந்தானுங்க."

"படுங்க."

"நான் நடந்தே வாரேனுங்க. நல்லாத்தான் இருக்கறேன்."

"சக்கரைக் கால்காரங்க நடக்கக் கூடாது. படுங்க."

அவனைப் படுக்கவைத்துக் கட்டினார்கள். துணைக்கு ஒருவர்தான் வரலாம் என்றார்கள். ஆரோக்கியமேரி யோசிக்கவே இல்லை. பாப்பாத்தியைத் துணை என்று ஏற்றிவிட்டாள். அப்படித்தான், கல்லுக்குண்டு மாதிரி இருந்த செல்லமுத்து படுத்துக்கொண்டும், உயிருக்குப் போராடியவள் அவன் தலைமாட்டில் அவனுக்குத் துணையாக உட்கார்ந்துகொண்டும் மலையிறங்கினார்கள். வளைவுக்கு வளைவு ஆம்புலன்ஸ்காரர், "பெரியவரு பேசறாரான்னு பாத்துக்கம்மா," என்று அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தாராம். கருப்பண்ணன் பின்னால் பஸ்ஸில் போனான்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் செல்லமுத்துவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். துணைக்கு வந்தவர்கள் வெளியே என்று வாட்ச்மேன் தடுத்தார்.

"நோவு எனக்குத்தானுங்க," என்றாள் பாப்பாத்தி.

"உம் பேர்ல நோவு ஒண்ணும் வரலையேம்மா," என்று அவர் ஆதரவாகவே சொன்னார்.

அவள் கேட்டுக்கு வெளியே ஒரு மரத்தடியில் சாய்ந்தாள். உள்ளே செல்லமுத்துவின் கால்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். புண் ஒன்றும் இல்லை. வெளியே தெரியாவிட்டால் உள்ளே இருக்கும், எண் பொய் சொல்லாது என்று முடிவாயிற்று. எந்தக் கால் என்று குறிப்பு இல்லாததால் வலது காலில் நீல மையால் ஒரு கோடு போட்டார்கள். அது எதற்கான கோடு என்று பக்கத்துக் கட்டில்காரர் விளக்கியதும், செல்லமுத்து வாழ்க்கையில் முதல்முறையாக முன்னால் நிற்க மறுத்து, பின்வாசல் வழியாக ஓடினான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஓடியவன் அப்படியே பஸ் ஏறவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். கேட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, மரத்தடியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்த பாப்பாத்தியைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியே அதிரும்படி கத்தினான். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த கருப்பண்ணனும் சேர்ந்து கத்தினான். அதன்பிறகுதான் ஒரு டாக்டர் வெளியே வந்தார். சாகக் கிடப்பவர்களுக்கு மட்டும் எண்ணைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விதியில் ஓர் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை வழியாகப் பாப்பாத்தியை உள்ளே இழுத்தார்கள்.

உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். வலது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

"முதல்லயே ஒரு ஊசி போட்டிருந்தா போதுமேய்யா. இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று அந்த டாக்டர் கருப்பண்ணனைத் திட்டினார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் தான் இல்லை என்பது மட்டும் அவன் மனதில் உறைத்தது.

மிளகு பறிக்கிற காலத்தில் பாப்பாத்தியை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். காட்டு வேலை அவ்வளவுதான். ஆடு கத்தினால்கூட எழுந்து போக முடியாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். கட்டு மாற்றுவதற்காகக் கருப்பண்ணன் அவளை முதுகில் சுமந்துகொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனான். ஆரோக்கியமேரி அங்கே இல்லை. ஒருவர் பேரில் எடுத்த மருந்தை வேறொருவருக்குப் போட்ட குற்றத்துக்காக விசாரணைக்குக் கீழே போயிருந்தாள். மோகன்ராஜ் தலை நிமிராமல் தட்டினார். இப்போது பாப்பாத்தியின் பெயருக்கு எதிரே போட முறையான எண் இருந்தது. கால் இல்லாமை. அது அறிகுறி இல்லை. அதை முன்னால் போட்டுக் கிருமியைப் பின்னால் போட்டார். தட்டிய மாத்திரத்தில் திரை பச்சையாயிற்று. பீரோ திறந்துகொண்டது. மோகன்ராஜ் அழுதுவிட்டார்.

அந்தப் பச்சையோடு அந்த நிலையத்தில் தீராமல் கிடந்த கடைசிச் சிவப்பும் தீர்ந்தது. மலையிலேயே முழுச் செம்மை பெற்ற முதல் நிலையம் என்று கேடயம் அறிவித்தார்கள். வாசலில் பந்தல் போட்டார்கள். கேசரி உண்டு என்று சொல்லியிருந்ததால் குண்டனி நாட்டுச் சனம் முக்கால்வாசி வந்திருந்தது, ஊர்க்கவுண்டரும் வந்திருந்தார். நவநீதகிருஷ்ணன் மாலையோடு பேசினார்.

"தொடக்கத்தில் இந்த அம்மாவுக்கு என்ன நோய் என்றே தெரியவில்லை. ஒரே குழப்பம்! இன்று பாருங்கள், எந்தச் சந்தேகமும் இல்லை. முன்னால் ஓர் எண், பின்னால் ஓர் எண். ஒரு குடிமகளை இவ்வளவு தெளிவான நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்றால், அது இந்தத் திட்டத்தின் வெற்றி!"

பேச்சு முடிந்ததும் போட்டோ எடுக்க வேண்டும் என்றார். பாப்பாத்தியை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதிகாரி எங்கே நிற்பது என்று போட்டோக்காரர் யோசித்தார். கருப்பண்ணன் எழுந்து வந்தான்.

"ஏனுங்க சாமி, இவளுக்கு முன்னால நீங்களே நிக்கறீங்களா?"

பந்தலில் கேசரி தின்றுகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

நவநீதகிருஷ்ணனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. மலைமக்களின் அன்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். இன்றுதான் நேரில் பார்க்கிறார். "நானா? கண்டிப்பாக நிற்கிறேன்! நான் நிற்காமல் வேறு யார் நிற்பது?" என்று சொல்லி, மாலையைச் சரிசெய்துகொண்டு, பாப்பாத்தி தெரியாதபடி அவளுக்கு நேர் முன்னால் வந்து நின்றார். போட்டோக்காரர் இரண்டு படம் எடுத்தார்.

"எல்லாரும் கேட்டீங்களா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"கேட்டோமுங்க," என்றது கூட்டம். அப்புறம் இலையைத் தள்ளி வைத்துவிட்டு, ஆண்களும் பெண்களும் ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள். பந்தலைச் சுற்றி, ஜீப் நின்ற இடம் வரைக்கும் உட்கார்ந்தார்கள். தனக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து அதிகாரி கும்பிட்டார்.

"கேளு கருப்பண்ணா," என்றார் ஊர்க்கவுண்டர்.

கருப்பண்ணன் கேட்டான்.

"இவ காலு எங்கீங்க?"